காசில் இருக்கும் முகம் யாருடையது?

தமிழ் மன்னர்கள் தங்கள் முகத்தைக் காசில் பொறித்தார்களா? பழங்காசு சேர்ப்பவர்களிடையே நூறாண்டுக்கு மேலாகச் சுற்றிவரும் கேள்வி இது. பேர்பெற்ற அரசர்களின் முகம் பதிந்த காசுகளைத் தேடுகிறவருக்கு வெளிநாட்டுப் பக்கம் வேலை எளிது. அலெக்சாந்தரின் தளபதிகள் தொடங்கிவைத்த வழக்கம் இந்தோ-கிரேக்க மன்னன் மெனாண்டர் வரையிலும், ரோமாபுரியின் அகஸ்டஸ், டைபீரியஸ் வரையிலும் பெயரையும் முகத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறது. அதே பேழையில் ஒரு சேரனையோ பல்லவனையோ சோழனையோ வைக்கப் போகும்போதுதான் தடுமாற்றம் தொடங்குகிறது.

அரக்கோணம் வட்டாரத்தை எடுத்துக்கொண்டால் தடுமாற்றத்தின் அளவு புரியும். ஊருக்கு அருகே தக்கோலம். கி.பி. 949இல் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையோடு பொருது சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்ட இடம் அது. ‘யானைமேல் துஞ்சிய தேவர்’ என்று கல்வெட்டுகள் அவனைக் குறிப்பது அந்தப் போரால்தான். வடக்கே திருத்தணி. அங்குள்ள வீரட்டானேசுவரர் கோயில் பல்லவன் அபராசிதன் காலத்தது. அவனே பாடிய வெண்பா ஒன்று கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. திருத்தணியை ஒட்டிய வேலஞ்சேரியில் 1977இல் கிடைத்த செப்பேடுகளில் ஒரு தொகுதி அபராசிதனுடையது, இன்னொன்று முதலாம் பராந்தகனுடையது. அரசர்களுக்குப் பஞ்சமில்லாத மண். ஆனால் இன்னார் முகம் என்று உறுதியாகக் காட்டத்தக்க காசு இவர்களில் ஒருவருக்கும் இல்லை. அபராசிதனின் பாட்டு நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அவன் எப்படி இருந்தான் என்பது வரவில்லை.

இந்த இன்மையை எப்படி விளக்குவது என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன.

தெற்கே சின்னம், வடக்கே முகம்

முதல் விடை பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவானது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய சர் வால்டர் எலியட் 1886இல் வெளியிட்ட தென்னிந்தியக் காசுகள் பற்றிய நூலும், அடுத்த சில ஆண்டுகளில் வந்த டஃப்னெலின் கையேடும், வேலூரில் சமயப்பணி செய்த டேனிஷ் பாதிரியார் லோவந்தால் திருநெல்வேலிக் காசுகள் பற்றி 1888இல் எழுதிய சிறுநூலும் இந்தத் துறைக்கு அடித்தளம். தேசிகாச்சாரி முதலியோர் இருபதாம் நூற்றாண்டில் இதைத் தொடர்ந்தார்கள். இவர்கள் கண்ட பொது ஒழுங்கு தெளிவானது. சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல், சேரனுக்கு வில், பல்லவனுக்கு விடை, சாளுக்கியனுக்குப் பன்றி. தெற்கத்திக் காசு குலத்தின் கொடியைக் காட்டும், ஆளைக் காட்டாது என்பதே இதன் சாரம்.

இந்த ஒழுங்குக்குச் சான்று நிறைய உண்டு. தொண்டைநாட்டுப் பல்லவர் காசுகளில் விடை நிற்கும். மேலே ‘ஸ்ரீபர’, ‘ஸ்ரீநிதி’ போன்ற விருதுப்பெயர்கள் இருக்கும். ஒரே விருதை ஒன்றுக்கு மேற்பட்ட பல்லவர் சூடிக்கொண்டதால், முகம் இருக்கட்டும், இன்ன மன்னனின் காசு என்று சொல்வதற்கே தயக்கம் ஏற்படுகிறது. செங்கம் பக்கம் ஆண்டிபட்டியில் கிடைத்த ஈயக் காசுகளில் சேந்தன் என்ற தலைவனின் பெயர் தமிழில் இருக்கிறது, முகம் இல்லை. உத்தம சோழனின் பொற்காசில் புலியும் கயலும் அவன் பெயரும் உண்டு. அந்த மூலக்காசு தொலைந்துவிட்டது. எலியட் நூலில் அச்சான படம்தான் இன்று சான்றாக நிற்கிறது.

ஒழுங்கு சரி, அதற்குச் சொல்லப்பட்ட காரணந்தான் பலவீனமானது. தென்னாட்டு மன்னர்களுக்கு உருவம் பொறிக்கும் வழக்கமே இல்லை, இறையுருவம் தவிர மனிதவுருவை அவர்கள் விரும்பவில்லை என்று வெகுகாலம் எழுதப்பட்டுவந்தது. மாமல்லபுரம் ஆதிவராகக் குகையில் இரண்டு பல்லவ அரசர்கள் தம் தேவியரோடு இருக்கிறார்கள்; ஒருவர் அமர்ந்தபடி, மற்றவர் நின்றபடி. தலைக்கு மேல் பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது. சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்ற அந்தப் பெயர்கள் எந்தத் தலைமுறையினரைக் குறிக்கின்றன என்பதில் கருத்து வேறுபாடு உண்டே தவிர, அவை அரச உருவங்கள் என்பதில் இல்லை. கோனேரிராசபுரத்தில் செம்பியன் மாதேவி தன் கணவர் கண்டராதித்தர் சிவனை வழிபடும் கோலத்தைக் கல்லில் செய்வித்து, கீழே விவரமும் எழுதச் சொன்னார். பிற்காலத்தில் கிருஷ்ணதேவராயர் தம் இரு தேவியரோடு கைகூப்பி நிற்கும் செப்புச் சிலைகள், பெயர் பொறித்தபடி, திருமலையில் இருக்கின்றன. அதே கிருஷ்ணதேவராயரின் பொற்காசில் இருப்பவர் பாலகிருஷ்ணன். ஆக, அரசனை உருவமாக வடிக்கும் கைத்திறமும் இருந்தது, மனத்தடையும் இல்லை. கோயிலில் தன்னை நிறுத்திக்கொண்டவர்கள் காசில் நிறுத்திக்கொள்ளவில்லை என்றால், காசின் வேலை வேறு என்று கருதினார்கள் போலும். இது ஊகம்தான்; ஆனால் உருவ வெறுப்பு என்ற பழைய காரணத்தைவிடச் சான்றுகளுக்கு நெருக்கமான ஊகம்.

வந்து சேர்ந்த முகங்கள்

தமிழகத்தில் முகம் பதிந்த காசு பரவலாகப் புழங்கியதற்கு மறுக்க முடியாத சான்று ரோமானியக் காசுகள். கொங்குநாட்டில், குறிப்பாகக் கரூர், கோவை, உடுமலை வட்டாரங்களில், அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகியோரின் வெள்ளிக் காசுகள் புதையல் புதையலாகக் கிடைத்தன. உடுமலை வட்டாரத்துப் பூதிநத்தம் புதையலில் மட்டும் 1,398 வெள்ளிக் காசுகள். புதுக்கோட்டைச் சீமையின் கறுக்காக்குறிச்சியில் 1898இல் வெளிப்பட்டவை 501 பொற்காசுகள்.

கறுக்காக்குறிச்சிக் காசுகளில் ஒரு புதிர் இருக்கிறது. 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் பேரரசரின் தலைமீது உளியால் வெட்டிய கோடு. ஏன்? இந்தப் புதையலை ஆராய்ந்து எழுதிய பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜார்ஜ் ஹில், புழக்கத்திலிருந்து விலக்குவதற்காக வெட்டப்பட்டவை என்று கருதினார்: தேய்ந்த காசு இனிக் காசு அல்ல, எடைக்குத் தங்கம், அவ்வளவே. இரண்டாவது கருத்து, உள்ளே மட்டமான உலோகம் இருக்கிறதா என்று பார்க்க வணிகர் வெட்டினார்கள் என்பது. மூன்றாவது, அயலான் முகத்தோடு தன் நாட்டில் காசு புழங்குவதை உள்ளூர் ஆட்சியாளர் விரும்பவில்லை என்பது. நான்காவதாக, உருவத்தின் மேலேயே இருந்த சமய வெறுப்பு என்றும் சிலர் சொன்னார்கள்.

தரம் பார்ப்பதற்கு எங்கு வெட்டினாலும் போதும். தலையை மட்டும் குறிவைக்க வேண்டியதில்லை. அதனால் இரண்டாவது கருத்து தளர்கிறது. சமய வெறுப்பு என்ற கருத்துக்கு எதிராக நிற்பவை ஆந்திர, கன்னடப் பகுதிகளின் பிற்காலப் பொற்காசுகள். அவற்றில் பல, பேரரசரின் தலைக்கு மேலே இரண்டு துளைகள் இடப்பட்டவை. கழுத்தில் கோத்தால் முகம் நேராகத் தொங்கும்படி பார்த்துத் துளைத்திருக்கிறார்கள். தெலங்கானாவின் கொண்டாப்பூர் போன்ற ஊர்களில் ரோமானியக் காசை அச்சாக வைத்துச் சுட்ட களிமண் பதக்கங்களே கிடைத்துள்ளன. தங்கம் வாங்க வசதியில்லாதவர்கள் அந்த முகத்தை மண்ணிலாவது அணிந்தார்கள். ஒரே முகம் ஓரிடத்தில் வெட்டுப்படுகிறது, இன்னோரிடத்தில் மாலையில் தொங்குகிறது. ஹில்லின் விளக்கமும் மூன்றாவது விளக்கமும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல என்பதால், இரண்டும் இன்றும் தாக்குப்பிடிக்கின்றன.

காசின் முகத்தைத் தென்னாட்டார் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு எழுத்துவடிவில் ஒரு சான்றும் உண்டு. ரோமானிய எழுத்தாளர் பிளினி இலங்கை பற்றிய பகுதியில் ஒரு செய்தி தருகிறார். கரையொதுங்கிய ரோமானியர் ஒருவரிடமிருந்த வெள்ளிக் காசுகளைக் கண்ட இலங்கை மன்னன் வியந்தானாம்: முகங்கள் வேறுவேறாக இருந்ததால் அவை பலர் காலத்தில் அடிக்கப்பட்டவை என்று தெரிந்தது, ஆனாலும் எடை ஒன்றாகவே இருந்தது. ரோமின் பெருமையைப் பாடும் கதை இது. அப்படியே நம்ப வேண்டியதில்லை. இருந்தாலும், முகம் மாறினால் ஆட்சி மாறியது என்ற கணக்கு இந்தக் கடலோரங்களில் புரிந்துகொள்ளப்பட்டது என்று பிளினி எதிர்பார்த்தது கவனிக்கத்தக்கது.

சாதவாகனர் வெள்ளி: இரண்டு மொழி, ஒரு முகம்

ஆந்திர எல்லைக்கு இப்பால் நின்று பார்க்கிற தொண்டைநாட்டுக்கு இன்னொரு வழியிலும் முகம் வந்தது. சாதவாகனர் வெளியிட்ட சிறு வெள்ளிக் காசுகளின் ஒருபக்கம் அரசனின் தலையும் சுற்றிலும் பிராகிருதத்தில் அவன் பெயரும் பட்டமும். மறுபக்கம் அதே செய்தி, தமிழை ஒத்த ஒரு தென்மொழியில். வாசிட்டிபுத்திரன் சாதகர்ணியின் காசில் ‘மகன்’ என்பதன் வடிவம் இருப்பதைச் சுட்டி, 1960களில் இரா. பன்னீர்செல்வமும் பின்னர் இரா. நாகசாமியும் அதைத் தமிழ் என்றார்கள். தெலுங்கின் முன்வடிவம் என்று கொள்வாரும், பிராகிருதத்தின் வட்டார வழக்கு என்று வாதிட்டவர்களும் உண்டு. திராவிட மொழி என்பது இன்று பெரிதும் ஏற்கப்படுகிறது; எந்தத் திராவிட மொழி என்பதில் இழுபறி. 1960 வரை ஆந்திரத்தில் இருந்து பின்னர் தமிழகத்துக்கு வந்த திருத்தணி வட்டாரத்தாருக்கு இந்த இழுபறியின் தொனி பழக்கமானதாகவே இருக்கும்.

மொழிச் சண்டையில் முகத்தைப் பலர் மறந்துவிட்டார்கள். இந்தக் காசுகளின் மாதிரி மேற்குக் கடற்கரையின் சத்திரபர் காசுகள். நாசிக் அருகே ஜோகல்தெம்பியில் 1906இல் கிடைத்த சத்திரப மன்னன் நகபானனின் 13,000க்கும் மேற்பட்ட காசுகளில் மூன்றில் இரண்டு பங்கை, அவனை வென்ற சாதவாகன மன்னன் கௌதமிபுத்திர சாதகர்ணி தன் முத்திரையால் மறுபடி அடித்திருந்தான். அந்தப் புதையலை 1908இல் விவரித்த எச். ஆர். ஸ்காட் ஒன்றைக் கவனித்தார். பெயர் எல்லாவற்றிலும் நகபானன். முகங்களோ வயதிலும் மூக்கிலும் தாடையிலும் வேறுபடுகின்றன, ஒரே ஆள் என்று சொல்ல முடியாத அளவுக்கு. குடும்பத்தார் பலரின் முகங்களாக இருக்கலாம் என்று அவர் எண்ணினார். அச்சு வெட்டியவர்களின் கைவேறுபாடு என்று எளிதாக விளக்குவதும் உண்டு. அதே காசுகளைச் சுற்றி ஓடும் கிரேக்க எழுத்துகள் காலப்போக்கில் படிக்க முடியாத அலங்காரக் கோடுகளாகிவிட்டன. எழுத்து அலங்காரமாகத் தேய்ந்தபோது முகம் மட்டும் உண்மைச் சாயலைக் காப்பாற்றிக்கொண்டது என்று நம்புவதற்கு அதிகச் சான்று வேண்டும்.

சாதவாகனர் காசுகளில் புலுமாவிக்கும் யக்ஞசிறீக்கும் முகவேறுபாடு காண்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம். நகபானன் காசுகள் கற்றுத்தருவது, ஒரே பெயருக்குள்ளேயே முகம் எவ்வளவு மாறுகிறது என்பதை முதலில் அளந்துவிட்டுப் பிறகுதான் இரண்டு பெயர்களின் முகங்களை ஒப்பிட வேண்டும் என்பது.

மாக்கோதை

தமிழ்க் காசுகளில் முகம் இல்லை என்ற பழைய முடிவை உண்மையிலேயே அசைத்தது சேரர் வெள்ளிக் காசுகள். இரா. கிருஷ்ணமூர்த்தி, ‘தினமலர்’ ஆசிரியராக இருந்தவர், 1980களில் சங்ககாலக் காசுகளில் கவனம் செலுத்தத் தொடங்கினார். பாண்டியன் ‘பெருவழுதி’யின் பெயர் தமிழ்ப் பிராமியில் இருக்கும் செப்புக் காசை அவர் வெளியிட்டது முதல் திருப்பம். அதுவரை பெயரில்லாத சதுரச் செப்புத் துண்டுகளாகப் பார்க்கப்பட்டவை ஒரே நாளில் அரச காசுகளாயின. தொடர்ந்து கரூர் அமராவதி ஆற்றுப்படுகையிலிருந்து வந்த வெள்ளிக் காசுகளில் ‘மாக்கோதை’, ‘குட்டுவன் கோதை’ என்ற பெயர்கள் படிக்கப்பட்டன. பெயரோடு ஓர் ஆணின் தலையும் இருந்தது. 1997இல் வந்த அவருடைய சங்ககாலக் காசுகள் பற்றிய ஆங்கில நூல் இவற்றை ஒருசேரத் தொகுத்தது.

யார் இந்த முகம்? ஒரு தரப்புக்கு விடை வெளிப்படை: பெயர் மாக்கோதை, ஆகவே முகமும் மாக்கோதை. புறநானூற்றில் தன் தேவியின் பிரிவுக்கு இரங்கிப் பாடும் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதையே இவன் என்று நீட்டிச் சொல்வோரும் உண்டு. குட்டுவன் கோதையும் புறநானூற்றில் வரும் பெயர்தான். இந்த இணைப்பின் கவர்ச்சி பெரிது. ஒரு புலவனின் முகம் வெள்ளியில் கிடைத்ததாகிவிடும் அல்லவா. ஆனால் சேரர் குலத்தில் பெயர்கள் திரும்பத் திரும்ப வருபவை. புகளூர்க் கல்வெட்டில் மூன்று தலைமுறைச் சேரர் பெயர்கள் கிடைத்தும், அவற்றைப் பதிற்றுப்பத்து மன்னர்களோடு பொருத்துவதில் அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. கோதை, குட்டுவன், இரும்பொறை ஆகியவை ஒருவருக்கே உரியவை அல்ல. எழுத்தமைதியை வைத்து இக்காசுகளின் காலத்தைக் கணிப்பவர்களுக்குள்ளும் நூறு, இருநூறு ஆண்டு வேறுபாடு இருக்கிறது. காலம் அசையும்போது ஆளும் அசைகிறார்.

இரண்டாவது தரப்பு இவற்றை ரோமானிய நகல் என்கிறது. கரூர் வட்டாரத்தில் டைபீரியஸின் வெள்ளிக் காசு மலிந்து கிடந்தது. தமிழ் மரபோ பெரும்பாலும் சதுரச் செம்பு. அங்கே திடீரென்று வட்ட வெள்ளி, வெட்டிய கழுத்தோடு பக்கவாட்டுத் தலை, ஓரத்தில் எழுத்து என்றால் மாதிரி எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். உருவில் டைபீரியஸ், பெயரில் சேரன் என்பது இவர்கள் முடிவு.

மூன்றாவது தரப்பு நடுவில் நிற்கிறது. எண்ணம் ரோமானியம், முகம் உள்ளூர். அச்சு வெட்டியவன் ரோமானியக் காசைப் பார்த்துக் கற்றான், ஆனால் முன்னால் இருந்தது தன் அரசன். ஆய்வாளர்களில் பலருக்கு இந்த நடுவழி ஏற்புடையது. எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. எண்ணம் அயல், முகம் சொந்தம் என்று பிரிப்பதற்கு எந்த அளவுகோலும் இதுவரை முன்வைக்கப்படவில்லை. முடி சுருண்டிருந்தால் ரோம், மூக்கு அகன்றிருந்தால் சேரன் என்று கண்ணளவில் பிரிப்பது, பார்ப்பவரின் விருப்பத்தையே திருப்பித் தரும்.

நான்காவது வாய்ப்பு ஒன்று போதிய அளவு பேசப்படவில்லை. தலையைச் சுற்றி அரசன் பெயர் எழுதும் வெள்ளிக் காசைத் தமிழை ஒத்த மொழியிலும் எழுதி வெளியிட்டவர்கள் சாதவாகனர். சேரர்கள் ரோமைப் பார்க்காமல் வடக்கே பார்த்திருக்கக் கூடாதா? சாதவாகனர் செல்வாக்கு காஞ்சி வரை எட்டியதை அங்கு அகழாய்வில் கிடைத்த காசுகள் காட்டுகின்றன. கொங்குநாட்டில் அவர்களது வெள்ளிக் காசுகள் ரோமானியக் காசுகளைப் போல மலிந்து கிடைக்காதது இந்த வாய்ப்புக்கு எதிரான வலுவான வாதம். ஆனாலும், பெயரைத் தன் எழுத்தில் எழுதிச் சுற்றவிடும் வழக்கத்துக்கு ரோமானியக் காசைவிட சாதவாகனர் காசு நெருங்கிய உறவு.

ராஜராஜன் காசில் நிற்பவர்

சந்தையில் ‘அரசன் உருவம் பொறித்த காசு’ என்று மிகுதியாக விற்பனையாவது ராஜராஜன் செப்புக் காசுதான். புதிதாகச் சேர்க்கத் தொடங்குகிறவர் பெரும்பாலும் முதலில் வாங்குவதும் அதுவே. அதைக் கையில் வைத்துப் பார்க்கலாம். ஏறத்தாழ 4 கிராம் எடை. ஒருபுறம் நிற்கும் ஆள், கையில் மலர்; வேட்டியின் இரு விளிம்பும் கால்களுக்கு இருபுறமும் கோடுகளாக விரிந்திருக்கும். மறுபுறம் அமர்ந்த உருவம், அதன் கைக்குக் கீழே நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்று மூன்று வரி. முகம் என்று இருப்பது ஒரு குமிழும் சில கோடுகளும். நல்ல நிலையிலுள்ள காசில்கூட மூக்கு எங்கே முடிகிறது, தாடை எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கடினம்.

நிற்பவர் ராஜராஜன், அமர்ந்திருப்பதும் அவரே என்பது மக்கள் வழக்கு. விற்பனையாளரின் சீட்டிலும் அப்படித்தான் இருக்கும். அமர்ந்திருப்பது குபேரன் அல்லது திருமகள் என்பது வேறொரு கருத்து. குஷாணர், குப்தர் காசுகளில் நிற்கும் அரசனும் அமர்ந்த தேவியும் இணையாக வருவதை அதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள்.

இவற்றைவிட அடிப்படையான கேள்வி, இந்த வடிவம் யாருடையது என்பது. இலங்கைக் காசுகளைப் பற்றி 1924இல் விரிவாக எழுதிய எச். டபிள்யூ. காட்ரிங்டன், ‘ஸ்ரீ லங்கா விபு’ என்ற எழுத்துடைய இலங்கைப் பொற்காசே இதற்கு மூலம் என்றார். கி.பி. 993 அளவில் தொடங்கிய இலங்கைப் படையெடுப்புக்குப் பின் ராஜராஜன் அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு தன் பெயரை இட்டான் என்பது இதன் தொடர்ச்சி. சோழ நாட்டிலிருந்தே இலங்கைக்குப் போனது என்று எதிர்த்திசையில் வாதிட்டவர்களும் இருந்தார்கள். ராஜராஜனுக்கு முந்தைய சோழர் கல்வெட்டுகளிலேயே ‘ஈழக்காசு’ பேசப்படுவது காட்ரிங்டன் பக்கத்துக்கு வலு சேர்க்கிறது. ஆனால் அந்த ஈழக்காசு எந்த வடிவில் இருந்தது என்று கல்வெட்டு சொல்வதில்லை.

திசை எதுவானாலும் முகத்தைப் பற்றிய வழக்கைப் பிற்கால இலங்கைக் காசுகள் ஏறக்குறைய முடித்துவைக்கின்றன. சோழருக்குப் பின் வந்த விஜயபாகு, பராக்கிரமபாகு, நிசங்கமல்லன் ஆகியோர் அதே நிற்பவரையும் அதே அமர்பவரையும் வைத்துப் பெயரை மட்டும் மாற்றினார்கள். 1197க்கும் 1212க்கும் இடையே மூன்று முறை பொலன்னறுவையில் அரியணை ஏறியவர் லீலாவதி. அவர் காசில் ‘ஸ்ரீ ராஜ லீலாவதி’ என்று எழுதியிருக்கிறது. நிற்பது அதே வேட்டி கட்டிய ஆள். அரசியின் பெயரை அந்த ஆண் உருவத்தின் மறுபுறம் எழுதுவதில் அச்சுக்கூடத்துக்கு எந்தச் சங்கடமும் இல்லை என்றால், அந்த உருவம் தனியொருவரின் சாயலாக எவராலும் படிக்கப்படவில்லை என்றே கொள்ள வேண்டும். இது ‘அரசு’ என்ற பதவியின் உருவம். பெயர்தான் ஆளைக் காட்டியது.

ராஜராஜனின் உண்மை முகம் வேண்டும் என்ற ஆவல் காசோடு நிற்பதில்லை. பெரிய கோயில் கருவறைச் சுற்றுச்சுவரில் 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்களில், முதியவர் ஒருவரைக் கருவூர்த் தேவர் என்றும், அவருக்குப் பின்னால் நிற்பவரை ராஜராஜன் என்றும் அடையாளம் காட்டினார்கள். பாடநூல்களிலும் அது ஏறிவிட்டது. அங்கே பெயர் எழுதப்படவில்லை என்பதால் ஐயப்படுவோர் தொடர்ந்து இருக்கிறார்கள். காசில் பெயர் இருந்து முகம் இல்லை, சுவரில் முகம் இருந்து பெயர் இல்லை என்பதுதான் இன்றைய நிலை.

இதன்பின் தென்னாட்டுக் காசில் ஆள்முகம் நிலையாக இடம்பிடிப்பது வெகு பிந்தி. பக்கத்து ஆற்காட்டின் பெயரால் கிழக்கிந்தியக் கம்பெனியார் அடித்த ஆற்காடு ரூபாயில், இரண்டாம் ஆலம்கீர் இறந்து நெடுங்காலம் ஆன பிறகும் அவர் பெயரும் ஆறாம் ஆட்சியாண்டுமே உறைந்து நின்றன, முகம் கிடையாது. 1835இல் நான்காம் வில்லியமின் தலை ரூபாயில் ஏறியது. ‘ராஜா தலை’, ‘ராணி தலை’ என்று கிராமத்தில் இன்றும் சொல்லப்படும் காசுகள் அந்த வரிசைதான்.

சேகரிப்பு தந்ததும் எடுத்துக்கொண்டதும்

இந்தக் கேள்வியின் வரலாற்றில் விந்தையான ஒன்று உண்டு. விடைக்கான பொருள்கள் பெரும்பாலும் அகழாய்வாளர்கள் கையிலிருந்து வந்தவை அல்ல, சேகரிப்பாளர்கள் வழியாக வந்தவை. அமராவதியில் வெள்ளம் வடிந்தபின் மணலை அரித்துப் பொன்துகளும் உலோகத் துண்டும் தேடுகிறவர்கள், அவர்களிடம் எடைக்கு வாங்கும் பாத்திரக்கடைக்காரர், அங்கிருந்து பழங்காசு வியாபாரி, கடைசியில் ஆர்வலர். இந்தச் சங்கிலி இல்லையென்றால் மாக்கோதை உருக்கப்பட்டு மெட்டியாகியிருப்பான். கிருஷ்ணமூர்த்தி போன்றோர் காசை வாங்கிப் பூட்டிவைக்காமல், எடை, அளவு, படத்தோடு வெளியிட்டதால்தான் இதைப் பற்றி விவாதிக்கவே முடிகிறது.

அதே சங்கிலிதான் விடையையும் தடுக்கிறது. ஆற்று மணலில் கிடைத்த காசுக்கு மண்ணடுக்கு இல்லை. அதோடு சேர்ந்து என்ன கிடந்தது, எந்தப் பானையோட்டோடு, எந்த ரோமானியக் காசோடு என்று சொல்ல வழியில்லை. ‘கரூர்’ என்ற கண்டெடுத்த இடம்கூடப் பலநேரம் வியாபாரியின் வாய்ச்சொல். விலை ஏறியதும் போலியும் ஏறியது. பெயரும் முகமும் சேர்ந்த காசுக்குத்தான் அதிக விலை என்பதால் போலி செய்பவரும் அதைத்தான் தேர்ந்தெடுப்பார். ஓரத்தில் வார்ப்புத் தையல், சிறு குமிழ்த்துளைகள், எண்ணெய்ப் பிசுக்கான பச்சைக் களிம்பு ஆகியவை செம்பில் எளிதில் பிடிபடும். அச்சு வெட்டி அடித்த வெள்ளிப் போலி அவ்வளவு எளிதாகப் பிடிபடாது.

சட்டத்தின் நிலையும் இதோடு சேர்ந்தது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் காசுத் தொகுப்பு இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கு இந்தச் சட்டமே முதன்மைக் காரணம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த காசை நாட்டைவிட்டுக் கொண்டுபோவதைத் தடுக்கிறது. இரண்டு சட்டமும் காசைக் காப்பாற்றப் பார்க்கின்றன. உதிரியாகக் கிடைக்கும் ஒற்றைக் காசின் பிறப்பிடத்தைப் பதிவுசெய்யும் எளிய வழி இரண்டிலும் இல்லை. ஏரி தூர்வாரும்போது ஒரு காசு கண்ணில் பட்டவர் அதைச் சொல்லத் தயங்குவதும், சொல்லாமல் விற்பதும் இதன் விளைவுகள்.

இன்னும் முடியாதவை

இங்கே பார்த்த நான்கு முதன்மைக் கேள்விகளில் மூன்றுக்கு ஓரளவு நெருங்கிய விடை சொல்லலாம். தமிழ் மன்னர்களுக்கு உருவத் தடை இருந்ததில்லை. ராஜராஜன் காசில் நிற்பவர் தனிமனிதச் சாயல் அல்ல. கறுக்காக்குறிச்சியின் வெட்டு, அந்தக் காசுகள் இனி முகத்துக்காகச் செல்லாது, எடைக்கே செல்லும் என்று அறிவித்தது. அறிவித்தவர் வணிகரா அரசரா என்பது மட்டும் நிலுவையில்.

சேரர் வெள்ளியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அதை முடிவுசெய்ய இரண்டு சோதனைகள் உதவும். ஒன்று உலோகம். டைபீரியஸ் காசின் வெள்ளி ஏறக்குறைய தூய்மையானது. மாக்கோதைக் காசின் கலவை அதோடு ஒத்துவந்தால் ரோமானியக் காசை உருக்கியே அடித்தார்கள் என்பதற்கு வலு கூடும். ஆனால் அது உலோகம் வந்த வழியைச் சொல்லுமே தவிர முகத்தைப் பற்றிச் சொல்லாது. இரண்டாவது சோதனை அச்சு ஒப்பீடு. கிடைத்திருக்கும் மாக்கோதைக் காசுகள் எத்தனை அச்சுகளிலிருந்து வந்தவை என்று பிரித்து, வேறுவேறு அச்சுகளிலும் அதே நெற்றியும் மூக்கும் தாடையும் வருகின்றனவா என்று அளக்க வேண்டும். வந்தால் வெட்டியவர்கள் முன் ஒரு குறிப்பிட்ட ஆள் இருந்தார் என்று வாதிடலாம். நகபானன் காசுகளைப் போல அச்சுக்கு அச்சு முகம் மாறினால், மாக்கோதை என்ற பெயர் மட்டுமே மிஞ்சும். குட்டுவன் கோதை காசுகளையும் இதேபோல் பிரித்து, இரண்டு பெயர்களுக்கும் பொதுவான அச்சுக் கை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இதற்குத் தேவை புதிய புதையல் அல்ல. தனியார் பேழைகளிலும் அருங்காட்சியகங்களிலும் பிரிந்து கிடக்கும் காசுகளின் ஒரே அளவிலான, ஒரே வெளிச்சத்தில் எடுத்த படங்கள் ஓரிடத்தில் சேர வேண்டும். அவை சேரும்வரை, மாக்கோதைக் காசின் கீழே ‘சேர மன்னன் முகம்’ என்று எழுதுகிற அருங்காட்சியகச் சீட்டில் ‘எனக் கருதப்படுவது’ என்ற இரண்டு சொற்களைக் கூடுதலாக எழுதுவதே பொருத்தம்.